ரேடியோ நெல்

நமது வீடுகளில் வழங்கும் பொருள்களின் பெயர்களைச் சற்றுக் கவனித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். பொருளைப் படைத்தவன் பெயர் அதற்கு வாய்ப்பது அபூர்வம். அது எந்த வழியாய் நம்மிடம் வந்து சேர்ந்ததோ, அந்த வழியின் பெயரே பெரும்பாலும் நிலைத்து விடுகிறது. கப்பலேறி வந்த எண்ணெய் சீமை எண்ணெய் ஆயிற்று. மெக்ஸிகோ தேசத்துக் காய் ஒன்று பெங்களூரிலிருந்து நம் சந்தைக்கு வந்தபடியால் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று பெயர் பெற்றது. இந்த வரிசையில் சேர்க்க வேண்டிய பெயர் ஒன்று தஞ்சாவூர் ஜில்லாவில் உண்டு. அதுதான் "ரேடியோ நெல்."

1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய காலக் குறுவை நெல் ஒன்று வெளிவந்தது. திருச்சி வானொலி நிலையத்தார் அதைப் பற்றித் தமது விவசாய நிகழ்ச்சிகளில் விடாமல் எடுத்துச் சொன்னார்கள். கேட்ட குடியானவர்கள் விதை தேடிப் புறப்பட்டார்கள். ஆடுதுறை என்றோ, 27 என்றோ அவர்கள் கேட்கவில்லை. "ரேடியோ நெல் கொடுங்கள்" என்றுதான் கேட்டார்கள். பெயரும் அப்படியே ஊன்றிவிட்டது.

இதைக் கேட்டு நாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்த ஒரு பெயருக்குள், விவசாய ஆராய்ச்சிக்குச் சர்க்கார் செலவிடும் பணத்தைப் பற்றிய மிகப் பெரிய உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. அந்த நெல்லின் வம்சாவளியைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஆடுதுறை 27-க்குத் தாய் தந்தையர் இருவர். ஒன்று ஜப்பான் தேசத்து நோரின் 10. மற்றொன்று நம் கோயமுத்தூர் ஜி.இ.பி. 24. இந்திய நெல்லையும் ஜப்பானிய நெல்லையும் கலப்பினம் செய்து பார்க்க வேண்டும் என்று தூண்டியவர்களில் முதன்மையானவர் நெல் ஆராய்ச்சியில் புகழ் பெற்ற கே. ராமையா. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் அதற்கு ஆதரவு அளித்தது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமோ 1922-லேயே ஏற்பட்டது. ஜி.இ.பி. 24 என்பதன் கதை இன்னும் பழையது. அந்த ஆங்கில எழுத்துக்கள் சர்க்கார் தாவர சாஸ்திரியின் உத்தியோகப் பெயரைக் குறிப்பவை. அந்த உத்தியோகத்தில் இருந்த பார்னெல் என்பவர், குடியானவர்கள் பயிரிட்டு வந்த கோணமணி என்னும் நெல்லுக்கிடையே இயற்கையாகவே மாறுபட்டு நின்ற ஒரு செடியைக் கண்டெடுத்தார். அதன் சந்ததியே 1921-ல் ஜி.இ.பி. 24 ஆக வெளிவந்தது.

ஆகவே, 1921-ல் ஒருவர் கண்டெடுத்ததும், 1922-ல் ஒரு நிலையம் ஏற்பட்டதும், பிறகு நாற்பது வருஷங்களுக்கு மேல் பெயர் தெரியாத எத்தனையோ பேர் சேற்றில் நின்று மகரந்தம் தூவிக் கதிர் எண்ணியதும் சேர்ந்துதான் அந்த நெல். அத்தனை பேருக்கும் கிடைக்காத பட்டத்தைக் குடியானவர் யாருக்குக் கொடுத்தார்? செய்தியைத் தம் வரப்புக்குக் கொண்டு வந்து சேர்த்த பெட்டிக்குக் கொடுத்தார். இது நன்றி கெட்ட காரியமன்று. அவர் வரையில், வரப்புக்கு வந்து சேராத ஆராய்ச்சி நடக்காத ஆராய்ச்சிதான். அதைத்தான் அவர் ஒரே வார்த்தையில் சொல்லி வைத்தார்.

இந்த வாரம் நாம் வற்புறுத்த விரும்பும் விஷயமும் இதுவே. கண்டுபிடிப்பதற்குச் சர்க்கார் பணம் கொடுப்பது அவசியம். கண்டுபிடித்ததைக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குக் கொடுப்பதும் அதே அளவு அவசியம். முதற் செலவைச் செய்துவிட்டு இரண்டாவதில் கையை இறுக்கினால், முதற் செலவும் பாழ்.

நம் மாகாணத்தில் விவசாய ஆராய்ச்சி ஆரம்பமானதே ஒரு பிசகான காலடியில்தான். 1860-களில் சென்னைக் கவர்னராயிருந்த ஸர் வில்லியம் டெனிஸனுக்கு நம் குடியானவர்களுக்கு விவசாயம் கற்பிக்க வேண்டும் என்று ஆசை பிறந்தது. ஆசை நல்லதுதான். அதற்காகச் சீமையிலிருந்து நீராவிக் கலப்பையும், விதைக்கும் யந்திரமும், கதிரடிக்கும் யந்திரமும் தருவிக்கப்பட்டன. சைதாப்பேட்டையில் பண்ணை ஒன்று ஏற்பட்டது. பக்கத்திலேயே விவசாயப் பள்ளிக்கூடமும் தோன்றியது. நீராவிக் கலப்பையைப் பார்த்துவிட்டுப் போன குடியானவர் எவரும் தமது மாடுகளை விற்றுவிடவில்லை. ஒரு காணி, அரைக் காணி நிலத்தில் வரப்புக்கு வரப்பு திரும்ப வேண்டிய மனிதருக்கு அந்த ராட்சஸன் எதற்கு?

பிற்பாடு 1889-ல் பிரிட்டிஷ் சர்க்கார் டாக்டர் வோல்க்கர் என்ற ரஸாயன சாஸ்திரியை இந்திய விவசாயத்தைப் பரிசீலிக்க அனுப்பினார்கள். அவருடைய அறிக்கை 1893-ல் வெளிவந்தது. இந்தியக் குடியானவர் ஒன்றும் அறியாதவர் என்ற எண்ணம் தவறு என்றும், பல அம்சங்களில் அவர் இங்கிலாந்துக் குடியானவருக்குச் சளைத்தவரல்ல என்றும் அதில் எழுதினார். அவருக்கு இல்லாதவை வசதிகளே என்பது அறிக்கையின் சாரம். கற்பிக்க வந்தவர்கள் முதலில் கற்றுக் கொள்ள வேண்டும் என்ற பாடம் அதில் இருந்தது. 1906-ல் சைதாப்பேட்டைக் கல்விச்சாலை கோயமுத்தூருக்குப் போனதிலிருந்துதான் நமது ஆராய்ச்சி இந்த மண்ணைப் பார்த்துப் பேசத் தொடங்கியது எனலாம்.

கோயமுத்தூரில் நடந்த அற்புதங்களில் கரும்பைச் சொல்லாமல் விட முடியாது. அக்காலத்தில் நம் தேசத்தார் காப்பிக்குப் போடும் சர்க்கரைக்கு ஜாவாத் தீவை நம்பியிருந்தார்கள். வட இந்தியாவின் கரும்பு ஒல்லியானது. ஜாவாவின் தடித்த கரும்போ அங்கே தாக்குப் பிடிக்காது. 1912-ல் கோயமுத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் ஏற்பட்டது. கரும்பு அங்கே தாராளமாய்ப் பூக்கும் என்பதுதான் அந்த ஊரைப் பொறுக்கியதற்குக் காரணம். பார்பர் என்பவரும், டி. எஸ். வெங்கடராமன் என்ற நம்மவரும், தின்னும் கரும்பை ஆற்றோரத்து நாணலோடு கலப்பினம் செய்தார்கள். கேட்டவர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் அந்த விவாகத்தில் பிறந்த கோ. 205 என்னும் கரும்பு 1918-ல் பஞ்சாப் வயல்களுக்குப் போயிற்று. அதன் பின்னால் கோ. இனங்கள் ஒவ்வொன்றாய் வந்தன. 1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரியும் கிடைத்தது. சில வருஷங்களுக்குள் ஜாவாச் சர்க்கரையின் தயவு நமக்கு வேண்டியிராமற் போயிற்று. ஈ. கே. ஜானகி அம்மாள் என்ற பெண்மணி 1930-களில் அந்த நிலையத்தில் செய்த ஆராய்ச்சி உலகறிந்தது.

கரும்பு இத்தனை வேகமாய்ப் பரவியதன் ரகசியத்தையும் கவனிக்க வேண்டும். கரும்புக்குப் பின்னால் ஆலை இருந்தது. நல்ல கரும்பு வந்தால் ஆலைக்கு லாபம். ஆகையால் ஆலைக்காரர்களே கரணைகளைத் தேடிக் கொண்டு வந்து குடியானவர் கையில் கொடுத்தார்கள். கம்புக்கும், கேழ்வரகுக்கும், உளுந்துக்கும் அப்படி ஓர் எஜமானர் இல்லை. நெல்லுக்கும் இல்லை. தூக்கிச் செல்ல ஆளில்லாத பயிர்களைச் சர்க்கார்தான் தூக்கிச் செல்ல வேண்டும்.

இந்த விஷயத்தை நன்றாக அறிந்துகொண்ட தேசம் அமெரிக்கா. ஆனால் அவர்கள் அதை அறிந்துகொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் கேட்பது நமக்கு நல்லது. ஏனெனில் நமது விவசாய சர்வகலாசாலைகள் அவர்களைப் பார்த்து அமைக்கப்பட்டவையே.

1862-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மும்முரமாய் நடந்து கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் ஜனாதிபதி லிங்கன் மாரில் சட்டம் என்னும் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு மாகாணத்துக்கும், காங்கிரஸில் அதற்குள்ள அங்கத்தினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் சர்க்கார் நிலம் கொடுக்கப்படும். அதை விற்று வரும் பணத்தைக் கொண்டு விவசாயமும் தொழிலும் கற்பிக்கும் கல்லூரியை நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. கல்லூரிகள் ஏற்பட்டன. ஆனால் கற்பிக்க வேண்டிய விஷயமே போதாது என்று சீக்கிரத்தில் தெரிந்தது. ஆகவே 1887-ல் ஹாட்ச் சட்டம் வந்தது. மாகாணத்துக்கு வருஷம் 15,000 டாலர் வீதம் பரிசோதனை நிலையங்களுக்கு உதவி கிடைத்தது. ஆராய்ச்சி பெருகியது. அறிக்கைகளும் குவிந்தன. குடியானவரோ பழையபடியே உழுது கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஸீமன் நாப் என்ற கிழவர் வருகிறார். அவர் சாமானியர் அல்லர். அயோவா விவசாயக் கல்லூரியின் தலைவராயிருந்தவர். பரிசோதனை நிலையங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று முதன்முதலில் மசோதா தயாரித்தவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவரே, சர்க்கார் செலவில் நடத்தப்படும் மாதிரிப் பண்ணைகளைக் குடியானவர்கள் நம்புவதில்லை என்று கண்டுகொண்டார். "சர்க்கார் பணம், யார் வேண்டுமானாலும் விளைவிப்பார்கள்" என்பது அவர்களுடைய எண்ணம். 1903-ல், தமது எழுபதாவது வயதில், டெக்ஸஸ் மாகாணத்து டெர்ரல் என்னும் ஊரில் நாப் வேறொரு வழி செய்தார். அவ்வூர்க் குடியானவர் ஒருவரே, தமது சொந்த நிலத்தில், தமது சொந்த உழைப்பில், நாப் சொன்னபடி பயிரிட வேண்டியது. நஷ்டம் வந்தால் ஈடு செய்ய ஊர் வியாபாரிகள் ஒரு நிதி சேர்த்து வைத்தார்கள். அந்த நிதியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை; குடியானவருக்கு லாபந்தான் கிடைத்தது. அக்கம் பக்கத்தார் வேலி ஓரத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார்கள். அதைவிடச் சிறந்த பிரசங்கம் வேறு என்ன வேண்டும்?

பருத்திக் காய்களைத் துளைக்கும் ஒருவகைக் கூன்வண்டு அப்போது டெக்ஸஸைச் சூறையாடிக் கொண்டிருந்தது. மறு வருஷமே நாப்பின் முறையைக் கையாண்டு அதனோடு போராடச் சர்க்கார் பணம் ஒதுக்கினார்கள். 1906-ல் டஸ்கீகி என்னும் ஊரில், அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பு ஜனங்களின் கல்விச்சாலையிலிருந்து ஒரு வண்டி புறப்பட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற பேரறிஞர் அமைத்த வண்டி அது. கலப்பையையும் விதையையும் ஏற்றிக் கொண்டு, கல்லூரிக்கு வர முடியாத ஏழைக் குடியானவரின் வாசலுக்குக் கல்லூரியே போயிற்று. 1910-ல் தென் காரோலினாவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, பெண் குழந்தைகளுக்கு ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர் வீதம் தக்காளி பயிரிடக் கற்பித்து, அதை டப்பியில் அடைத்து விற்கவும் வழி காட்டினாள். இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் 1914-ல் ஸ்மித்-லீவர் சட்டம் பிறந்தது. கல்லூரியின் விஷயங்களைக் கிராமத்துக்குக் கொண்டு செல்லும் வேலை கல்லூரியின் வேலையே. அதற்கு மத்திய சர்க்காரும் மாகாண சர்க்காரும் சேர்ந்து பணம் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கூறியது. அந்தப் பணம் தென் மாகாணங்களில் பெரும்பாலும் வெள்ளையர் கல்லூரிகளுக்கே போய்ச் சேர்ந்தது என்பது அதன் பெரிய களங்கம். கொண்டு போய்ச் சேர்க்கும் வழியை அமைத்தால் மட்டும் போதாது, அது யார் வாசலோடு நின்று விடுகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு அது சாட்சி.

கல்லூரிக்கு ஒரு சட்டம், ஆராய்ச்சிக்கு ஒரு சட்டம், கொண்டு போய்ச் சேர்ப்பதற்கு ஒரு சட்டம். மூன்றையும் ஒரே ஸ்தாபனத்தின் பொறுப்பில் வைத்தார்கள். பேராசிரியர் காலையில் வகுப்பில் சொன்னதை மத்தியானம் குடியானவர் மறுத்துப் பேசினால், சாயங்காலம் அது பரிசோதனை நிலையத்துக்குக் கேள்வியாய்ப் போய்ச் சேரும். அந்த ஏற்பாட்டின் உயிர்நிலை இதுதான்.

சுதந்திர இந்தியாவும் இதே மாதிரியை எடுத்துக்கொண்டது. 1960-ல் பந்த்நகரில் முதல் விவசாய சர்வகலாசாலையைப் பண்டித நேரு திறந்து வைத்தார்; இல்லினாய் சர்வகலாசாலையார் அதற்குத் துணை நின்றார்கள். 1971-ல் கோயமுத்தூர்க் கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் ஆயிற்று. ஆனால் எடுத்துக்கொண்டதில் ஒன்றைப் பாதியிலே விட்டுவிட்டோம். போதிப்பதும் ஆராய்வதும் சர்வகலாசாலைக்கு வந்தன. கிராமத்துக்குப் போகும் வேலையின் பெரும்பகுதி சர்க்கார் விவசாய இலாகாவிடமே நின்றுவிட்டது. கண்டுபிடிப்பவர் ஒரு வீட்டில். கொண்டு செல்பவர் வேறொரு வீட்டில். இடையே கடிதப் போக்குவரத்து. கூட்டுக் குடும்பத்தில் சமையற்கட்டை ஒரு தெருவிலும் கூடத்தை மறு தெருவிலும் வைத்தால் சாப்பாடு ஆறிப் போகாதா?

இந்தக் குறையை ஓரளவு தீர்ப்பதற்கு வந்தவைதான் வேளாண் அறிவியல் நிலையங்கள். தேசத்திலேயே முதலாவது நிலையம் 1974-ல் புதுச்சேரியில், நம் கோயமுத்தூர்ப் பல்கலைக் கழகத்தின் பொறுப்பில்தான் துவங்கியது. இன்று தேசமெங்கும் எழுநூறுக்கு மேற்பட்டவை உள்ளன. ஜில்லாவுக்கு ஒன்று என்பது கணக்கு. ஒரு ஜில்லாவில் எத்தனை நூறு கிராமங்கள் இருக்கின்றன என்று நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

வேறொரு முயற்சியும் நடந்தது. 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும், உலக வங்கியின் கடனுதவியோடு, "பயிற்சியும் பார்வையும்" என்ற முறை பல மாகாணங்களில் வந்தது. குறித்த நாளில் குறித்த கிராமத்துக்கு விவசாய ஊழியர் தவறாமல் வர வேண்டும் என்பது அதன் கட்டளை. தபால்காரரைப் போல அவரை எதிர்பார்த்திருக்கலாம். கடன் நின்றது, முறையும் தளர்ந்தது. அன்னியர் பணத்தில் நடந்த காரியத்தை நம் பணத்தில் நடத்த மனம் வரவில்லை.

விளைவு என்ன? 2003-ல் இந்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா, விவசாயக் குடும்பங்களை வீடு வீடாய் விசாரித்தது. புதிய முறைகளைப் பற்றி எந்த வழியிலாவது தகவல் பெற்றதாகச் சொன்னவை நூற்றுக்குச் சுமார் 40 குடும்பங்களே. சர்க்கார் விரிவாக்க ஊழியரிடமிருந்து பெற்றவை ஏறக்குறைய 6. உரம், பூச்சிமருந்து விற்கும் கடைக்காரரிடமிருந்து பெற்றவையோ 13.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு காட்சி இருக்கிறது. நடவு முடிந்து ஒரு மாதம். ஒரு நாள் காலையில் பயிர் திட்டுத் திட்டாய்ப் பழுத்து நிற்கிறது. குடியானவர் ஒரு தூரைப் பிடுங்கிக் கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறார்.

"இதற்கு என்ன செய்யலாம், தம்பி?"

"இதை அடியுங்கள், மாமா. கூடவே இந்தப் பவுடரையும் கலந்து கொள்ளுங்கள். பணம் அறுப்புக்கு அப்புறம் கொடுக்கலாம்."

கடைக்காரத் தம்பி பொல்லாதவரல்லர். மாமாவுக்கு உதவி செய்வதாகவே அவர் நினைக்கிறார். ஆனால் "ஒன்றும் அடிக்க வேண்டாம், தண்ணீரை வடித்துவிட்டு நாலு நாள் பொறுங்கள்" என்று சொல்லி வாழக்கூடிய வியாபாரம் அவருடையதல்ல. வைத்தியரும் மருந்துக் கடைக்காரரும் ஒருவரேயானால் நோயாளியின் கதி என்னவோ, அதுவே பயிரின் கதி. அநாவசியமாய்த் தெளித்த மருந்து பூச்சியைத் தின்னும் பூச்சிகளையும் கொன்று விடுகிறது. நெல்லைத் தாக்கும் புகையான் இப்படித்தான் 1970-களில் ஆசியா முழுவதும் கொழுத்தது. கடன் குடியானவர் கணக்கில் ஏறுகிறது. மருந்தில் மிச்சமிருப்பது அரிசியிலும் கத்தரிக்காயிலும் ஏறி நம் வீட்டுச் சமையற்கட்டுக்கு வருகிறது. பட்டணத்தில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கும் நமக்கு இந்த விஷயத்தில் என்ன அக்கறை என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

சில ஆட்சேபங்களைக் கேட்டிருக்கிறோம். "தனியார் கம்பெனிகள் ஆராய்ச்சி செய்யட்டுமே, சர்க்கார் ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்பது ஒன்று. கம்பெனிகள் செய்யட்டும், வேண்டாமென்று சொல்வார் யார்? ஆனால் வருஷந்தோறும் கடையில் வாங்க வேண்டிய வீரிய விதையில் கம்பெனிக்கு லாபமுண்டு. குதிரிலிருந்து எடுத்து மறுபடி விதைக்கக்கூடிய நெல்லில் லாபமில்லை. மானாவாரிப் புஞ்சையில் துவரை போடும் ஏழைக்குப் புத்தி சொல்வதில் துளிகூட லாபமில்லை. லாபமில்லாத இடத்திற்குப் போவதற்குத்தானே சர்க்கார் என்று ஒன்று ஏற்பட்டது?

"இப்போது எல்லார் கையிலும் டெலிபோன் இருக்கிறதே, ஊழியர் எதற்கு? நீங்களே ரேடியோவின் பெருமையைச் சொன்னீர்களே" என்பது இன்னொன்று. இது கெட்டிக்கார ஆட்சேபம். ஆனால் தஞ்சாவூரில் ரேடியோ தனியாய் வேலை செய்யவில்லை. 1960-61 முதல் அந்த ஜில்லாவில் தீவிர விவசாயத் திட்டம் நடந்து வந்தது. அதற்கென்று கிராம சேவகர்களும் விவசாய விஸ்தரிப்பு அதிகாரிகளும் அதிகமாய் நியமிக்கப்பட்டார்கள். விதையும் உரமும் கடனும் ஒன்றாய்க் கிடைக்க ஏற்பாடு இருந்தது. ரேடியோவில் கேட்டதை மறுநாள் வயலில் காட்டுவதற்கு ஆள் இருந்தார். ரேடியோ ஆசையை உண்டாக்கிற்று. ஆள் சந்தேகத்தைத் தீர்த்தார். டெலிபோன் ஆயிரம் செய்தி சொல்லும். ஆனால் சேற்றில் இறங்கி, தூரைப் பிளந்து பார்த்து, "இது பூச்சியல்ல, ஐயா, துத்தநாகச் சத்துக் குறைவு" என்று சொல்வதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

மனிதர் என்று மட்டும் சொன்னால் போதாது, மனுஷியும் வேண்டும். நாற்று நடுவது யார்? களை எடுப்பது யார்? விதையைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது யார்? ஆனால் கூட்டத்துக்கு அழைப்பு வருவது வீட்டு எஜமானருக்கு. 1986-ல் டென்மார்க் தேசத்தின் உதவியோடு நம் மாகாணத்தில் ஒரு திட்டம் ஆரம்பமாயிற்று. பெண் அதிகாரிகளே கிராமங்களுக்குப் போய்ச் சிறு விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் தங்கள் அண்டை அயலாருக்குச் சொன்னார்கள். விதை நேர்த்தியை அக்கா தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கும் வேகம் எந்த இலாகாவுக்கும் வராது.

சர்க்காரை நாம் கேட்பது பெரிய காரியமல்ல. விவசாயத்தில் தேசத்துக்கு வரும் வருமானத்தில் நூற்றுக்கு ஒரு பங்கையாவது விவசாய ஆராய்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்று அறிஞர்கள் வெகுகாலமாய்ச் சொல்லி வருகிறார்கள். இந்தியா அந்த ஒரு பங்கை இன்னும் எட்டவில்லை. அதை எட்ட வேண்டும். எட்டும்போது, சேர்க்கும் வேலைக்கும் அதற்கேற்ற பணம் ஒதுக்க வேண்டும். கட்டிடத்துக்குப் பணம் ஒதுக்கினால் கல்வெட்டில் பெயர் வரும். ஊழியருக்குச் சைக்கிள் கொடுத்தால் வராது. ஆயினும் கொடுக்க வேண்டும். சர்வகலாசாலையில் பட்டம் பெறும் ஒவ்வொரு பிள்ளையும் பெண்ணும் ஒரு முழுப் பருவம், விதைப்பிலிருந்து அறுப்பு வரையில், ஒரே கிராமத்தில் இருந்து பார்த்த பிறகே பட்டம் வாங்க வேண்டும். கிராமத்திலிருந்து வரும் கேள்விகளுக்கு ஆராய்ச்சி நிலையம் குறித்த காலத்துக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற விதியும் வேண்டும்.

கடைசியாய் மறுபடியும் அந்த நெல்லுக்கே வருவோம். பார்னெல் கண்டெடுத்த செடி குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாய்க் காப்பாற்றி வந்த கோணமணியில்தான் இருந்தது. அது அவர்கள் வயலிலிருந்து கோயமுத்தூருக்குப் போயிற்று. ஆடுதுறையில் ஜப்பானிய நெல்லோடு சம்பந்தம் செய்து கொண்டது. நாற்பது வருஷங்களுக்குப் பிறகு, ரேடியோ நெல் என்ற புதுப் பெயரோடு மறுபடியும் அவர்கள் வயலுக்கே வந்து சேர்ந்தது. மகளைப் புக்ககம் அனுப்பி, பேரக் குழந்தையைக் கையில் வாங்கிக் கொண்டது போல.

குடியானவரிடமிருந்து வாங்கியதைக் குடியானவரிடமே திருப்பிக் கொடுப்பதற்குத்தான் பணம் கேட்கிறோம். இனிமேல் சட்டசபையில் விவசாய மானியக் கோரிக்கை வரும்போது, இத்தனை புது ரகங்கள் வெளியிட்டோம் என்று மந்திரி சொன்னால் நாமும் கை தட்டலாம். தட்டி முடிந்ததும், "அவற்றில் எத்தனை வரப்புக்கு வந்து சேர்ந்தன?" என்று ஓர் அங்கத்தினராவது எழுந்து கேட்க வேண்டும். அவரைக் கேட்க வைக்கும் பொறுப்பு, அவருக்கு வோட்டுப் போட்ட நம்முடையது.